சர்க்கரையின் தடமும் சஞ்சீவ் கம்பீரின் கணக்கும்

பொங்கல் கழிந்த மறு வாரம் என் தாய்மாமனைக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பல்லடம் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலுமாக முப்பது ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர் அவர். மூன்று மாத இருமலுக்குப் பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு தெரிந்தது. அது என்னவென்று அறிய பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊசி போடுவதற்கு முன் அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளரான இளம்பெண், மாமனின் இடுப்பு மடிப்பில் இருந்த வெற்றிலைப் பையைப் பார்த்துவிட்டார். "அய்யா, ஊசி போட்டப்புறம் ஒரு மணி நேரம் வாய அசைக்கக் கூடாதுங்க. பேசவும் வேண்டாமுங்க" என்றார். மாமன் விடவில்லை: "ஏனுங்க அம்மிணி, நெஞ்சுக்குள்ள படம் புடிக்கறதுக்கு வாயி என்ன பண்ணுதுங்க?"

அந்தக் கேள்விக்கான விடைக்குள்தான் மூலக்கூறு படிமவியல் என்ற துறை அடங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயும் சி.டி.யும் உறுப்பின் உருவத்தைக் காட்டுகின்றன. பெட் ஸ்கேன் அந்த உறுப்பின் செல்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதைக் காட்டுகிறது. மாமனின் கையில் ஏற்றப்பட்டது ஒரு வகைச் சர்க்கரை. உழைக்கும் தசை சர்க்கரையை உறிஞ்சும் என்பதால், வெற்றிலை மெல்லும் தாடையும் பேசும் குரல்வளையும் படத்தில் பளிச்சென்று எரியும். படிப்பவருக்கு அது நோயா, வெற்றிலையா என்ற குழப்பம் வரும். எரியும் புள்ளி சர்க்கரைப் பசி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தப் பசி யாருடையது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டறிய வேண்டும். அந்தக் கணக்கைப் போட வாழ்நாளைச் செலவிட்டவர்களில் ஒருவர், அம்பாலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சஞ்சீவ் சாம் கம்பீர். 2020 ஜூலை 18 அன்று தம் 57ஆம் வயதில் மறைந்த அவருடைய ஆய்வுப் பாதையைத் தொடர்ந்து பார்த்தால் இந்தத் துறை எப்படி வேலை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்ற இரண்டுமே விளங்கும்.

அவருக்கு முந்தைய கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பாரு வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கரையெல்லாம் வெட்டிப் பார்க்க மாட்டார். மேலே ஓரிடத்தில் ஒரு முறம் உமியைத் தூவிவிட்டுக் கரையோடு நடந்து வருவார். உமி எந்தப் பக்கம் ஒதுங்கிச் சுழல்கிறதோ அங்கே நண்டு வளையோ எலி வளையோ இருக்கும். அறிவியலில் இதே உத்தியை முதலில் கையாண்டவர் ஹங்கேரியரான ஜார்ஜ் டி ஹெவெசி. மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், ஈயத்தோடு கலந்து கிடந்த ரேடியம்-டி என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்துத் தரும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. எவ்வளவு முயன்றும் பிரிக்க முடியவில்லை, ஏனென்றால் ரேடியம்-டி என்பதும் ஈயமே, ஈயத்தின் கதிரியக்க வடிவம். பிரிக்க முடியாத அந்தப் பொருளை ஈயத்தோடு சேர்த்துவிட்டால், ஈயம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும், போகுமிடத்தைக் கதிர்வீச்சால் காட்டிக் கொடுக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 1913இல் வியன்னாவில் வேதியியலாளர் பனெத்துடன் சேர்ந்து அதை வேதியியலில் செய்து காட்டினார். 1923இல் அவரைச் செடியின் வேரிலிருந்து இலை வரை ஈயம் ஏறுவதைப் பின்தொடர்ந்தார். 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

புற்றுநோய்க்கு எந்த உமியைத் தூவுவது என்பது அடுத்த கேள்வி. கட்டியின் செல்கள் சாதாரணச் செல்களைவிட மிக அதிகமாகச் சர்க்கரையைத் தின்கின்றன என்பதை 1920களிலேயே ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். ஆனால் சாதாரணக் குளுக்கோஸில் கதிரியக்க அணுவை ஒட்டி அனுப்பினால் செல் அதை எரித்துத் துண்டு துண்டாக்கி வெளியே தள்ளிவிடும், தடம் அழிந்துபோகும். குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணையை எடுத்துவிட்டு ஃப்ளோரின் அணுவை வைத்தால், செல் அதையும் குளுக்கோஸ் என்றே நம்பி உள்ளே இழுத்து, முதல் படியாக ஒரு பாஸ்பேட்டையும் ஒட்டிவிடும். அடுத்த படியில் அந்த ஃப்ளோரின் தடுக்கும். கரும்பு ஆலையில் டோக்கன் வாங்கி முதல் கேட்டைத் தாண்டிய வண்டி, இரண்டாவது கேட்டில் திறப்பும் இல்லாமல் திரும்பவும் வழியில்லாமல் நிற்பதைப் போல அது செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். எஃப்.டி.ஜி. எனப்படும் அந்தச் சர்க்கரையைக் கதிரியக்க ஃப்ளோரின்-18 கொண்டு நியூயார்க் அருகேயுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தாட்சுவோ இடோ முதலானோர் தயாரித்தார்கள். 1976 ஆகஸ்டில் அது விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்பாஸ் அலாவியின் கையால் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது.

விமானம் எதற்கு என்றால், ஃப்ளோரின்-18 ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். கோவையில் காலையில் தயாரான மருந்து என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோமீட்டர் தாண்டி இரண்டு மணி நேரத்தில் ஈரோடு சேரும்போது அதன் கதிரியக்கத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். மூன்று மணி நேரம் கழித்துச் சேலத்தில் இறங்கும்போது மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பெருந்துறையில் லாரி கவிழ்ந்து பாதை அடைத்தால் அன்றைக்கு ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்த நோயாளிகள் பட்டினியோடு திரும்ப வேண்டியதுதான். பால் வண்டியைவிட அவசரமான வண்டி அது. (பழைய முறையான கேமரா ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீசியம்-99எம் இந்த விதத்தில் வசதியானது: 66 மணி நேரத்தில் பாதியாகி டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம் அடைத்த ஈயக் கலனை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் காலையில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உலகெங்கும் அந்தக் கலனைப் பசு என்றும், எடுப்பதைக் கறப்பது என்றுமே அத்துறையினர் சொல்கிறார்கள். காங்கேயம் மாடு வைத்திருப்பவர்களுக்கு விளக்கவே தேவையில்லை.)

கம்பீர் இந்தத் துறைக்குள் நுழைந்த வாசல் மருத்துவம் அன்று. சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் குடியேறியது. அங்கே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்த பட்டம் இயற்பியல். பிறகு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் சேர்த்தே தரும் நீண்ட படிப்பில் சேர்ந்து, முனைவர் ஆய்வை உயிர்க்கணிதத்தில் செய்தார். பெட் கருவியை 1970களில் உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் ஃபெல்ப்ஸ் அந்த வளாகத்தில்தான் இருந்தார். எஃப்.டி.ஜி. போன்ற தடம் காட்டும் மருந்து ரத்தத்திலிருந்து திசுவுக்குள் என்ன வேகத்தில் போகிறது, என்ன வேகத்தில் திரும்பி வருகிறது, எவ்வளவு உள்ளே சிக்கிக்கொள்கிறது என்பதை வகைக்கெழுச் சமன்பாடுகளில் எழுதித் தீர்ப்பது அங்கே அன்றாட வேலை. படத்தில் தெரியும் மஞ்சளும் சிவப்பும் உண்மையில் எண்கள் என்பதும், அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணித மாதிரி இருக்கிறது என்பதும் அவருக்குத் தொழில் பழக்கமாகவே படிந்துவிட்டது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்கும்போதே "டாக்டருங்களா, இன்ஜினியருங்களா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180 வீதம். கணிதத்துக்கு ஒன்றும் இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100. உயிரியலுக்கு ஒன்றும் இல்லை. முதல் குரூப்பில் நான்கு பாடமும் படிக்கிற பிள்ளைகூட பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுக்குள் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுகிறது. தேர்வைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனமான முடிவும்கூட. பீளமேட்டில் பொறியியல் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. பாரதியார் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலுக்கென்றே துறை இருக்கிறது. கதவுகள் இல்லாமல் இல்லை. ஆனால் பதினேழு வயதில் கணிதத்தை விட்ட மருத்துவரும் உயிரியலை விட்ட பொறியாளரும் பிறகு சந்தித்துப் பேச ஒரு மொழி வேண்டியிருக்கிறது, அதை அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

அந்த மொழி தெரிந்தவரால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கம்பீரின் 1996ஆம் ஆண்டுக் கட்டுரை நல்ல சான்று. புதிய மருந்தோ கருவியோ அதில் இல்லை. நுரையீரல் புற்றுநோய் நோயாளிக்குச் சி.டி. மட்டும் எடுத்து முடிவு செய்தால் என்ன ஆகும், அதோடு பெட் ஸ்கேனும் எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு முடிவு மரத்தை வரைந்து, ஒவ்வொரு கிளையிலும் நிகழ்தகவையும் செலவையும் எழுதி, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த கட்டுரை அது. நோய் ஏற்கெனவே பரவிவிட்ட ஒருவரின் மார்பைத் திறந்து பயனற்ற அறுவை செய்வதைத் தவிர்த்தால், அந்தச் செலவும் வலியும் ஸ்கேன் செலவை ஈடுகட்டும் என்று அது காட்டியது. அமெரிக்க அரசுக் காப்பீடு இத்தகைய ஸ்கேன்களுக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். நுட்பமான கருவி மருத்துவமனைக்குள் நுழையக் கருவியின் நுட்பம் மட்டும் போதாது, காசு கொடுப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கும் கணக்கும் வேண்டும் என்பதை ஆய்வாளர்கள் பலர் இழிவாக நினைப்பார்கள். அவர் அதை ஆய்வாகவே செய்தார்.

மூன்று ஆண்டுகளில் வந்த அடுத்த வேலை முற்றிலும் வேறு வகையானது. சர்க்கரை எல்லாச் செல்லுக்கும் பொதுத் தீனி. குறிப்பிட்ட ஒரு மரபணு உடலுக்குள் வேலை செய்கிறதா என்பதை அதைக் கொண்டு பார்க்க முடியாது. அதற்கு ஓர் ஒற்றனை உள்ளே அனுப்ப வேண்டும். ஹெர்பிஸ் வைரஸில் தைமிடின் கைனேஸ் என்ற நொதி இருக்கிறது. வைரஸைத் தாக்கும் கான்சிக்ளோவிர் போன்ற மருந்துகளின்மேல் அது பாஸ்பேட்டை ஒட்டும், மனிதச் செல்லில் உள்ள நொதி அதைப் பெரும்பாலும் செய்யாது. அந்த நொதிக்கான மரபணுவை மட்டும் எடுத்து விலங்கின் செல்களில் நுழைத்துவிட்டு, ஃப்ளோரின்-18 ஒட்டிய கான்சிக்ளோவிரை ரத்தத்தில் விட்டால், மரபணு வேலை செய்யும் செல்லில் மட்டும் அது பாஸ்பேட் ஏறிச் சிக்கிக்கொள்ளும். மற்ற இடங்களிலிருந்து வடிந்துவிடும். உயிருள்ள எலியை அறுக்காமலேயே அதன் கல்லீரலில் ஒரு மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று படமெடுத்துக் காட்டிய அந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 2009இல், மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்குச் சிகிச்சையாகச் செலுத்திய நோயெதிர்ப்புச் செல்கள் கட்டி இருக்கும் இடத்தைப் போய்ச் சேர்ந்தனவா என்பதை இதே உத்தியால் பார்த்ததாக அவருடைய குழு அறிவித்தது. செல்களையே மருந்தாக ஊசியில் ஏற்றும் இன்றைய சிகிச்சைகளில், ஏற்றிய மருந்து எங்கே போனது என்ற கேள்விக்கு இந்த வழியிலும் விடை தேடுகிறார்கள்.

2003இல் அவர் ஸ்டான்ஃபோர்டுக்கு மாறி அங்கே மூலக்கூறு படிமவியலுக்கென்று ஒரு திட்டத்தையே நிறுவினார். 2011இல் கதிரியல் துறைத் தலைவரானார். 600க்கும் மேற்பட்ட கட்டுரைகள், பதவிகள், விருதுகள் என்று அவர் பெயரில் நிறைய உண்டு. அவற்றை வரிசையாகச் சொல்வதில் பயனில்லை. முக்கியமான மாற்றம், அவருடைய கேள்வியே இடம்பெயர்ந்ததுதான். 2009 முதல் புற்றுநோயை முளையிலேயே கண்டறிவதற்கான கேனரி மையத்தை அவர் நடத்தினார். சுரங்கத்தில் விஷவாயுவுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொண்டுபோன பறவையின் பெயர் அது. முளையில் கண்டறிவது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு சிறிய முளையை? கம்பீரும் அவருடன் பணியாற்றிய ஷாரன் ஹோரியும் 2011இல் அதைக் கணக்கிட்டார்கள். சூலகப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ.125 என்ற புரதத்தின் ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொண்டு, கட்டி என்ன வேகத்தில் வளர்கிறது, எவ்வளவு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது, நலமான திசுவும் அதே புரதத்தை எவ்வளவு விடுகிறது, ரத்தம் அதை எவ்வளவு விரைவில் கழிக்கிறது என்று மாதிரி அமைத்தார்கள். அன்றைய பரிசோதனைகளில், கட்டி ஏறத்தாழ 10 ஆண்டுகள் மறைந்திருந்து 25 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வளரக்கூடும் என்று விடை வந்தது. 25 மில்லிமீட்டர் என்பது நல்ல பருமனான ஒரு சின்ன வெங்காயம். அதற்குள் எத்தனையோ கோடிச் செல்கள் இருக்கும். பத்து ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. அந்தப் பத்து ஆண்டிலும் நம் கண்ணுக்குத் தெரியாது என்பது அதே செய்திதான்.

2012இல் அவருடைய குழு, தங்க நுண்துகள் ஒன்றை மூன்று வகைப் படமெடுக்கும் கருவிகளிலும் தெரியும்படி செய்து, எலியின் மூளைக்கட்டியை விளிம்பு வரை காட்டி அகற்ற உதவும் முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அவருடைய பதின்ம வயது மகனுக்குக் கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 2015இல், பதினாறு வயதில், மகன் இறந்தான். எலியில் வேலை செய்த எதுவும் அந்த நேரத்துக்கு மனிதருக்கு வந்து சேரவில்லை. ஐந்தாண்டு கழித்து அவரும் புற்றுநோயால் இறந்தார்.

அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 2020 ஏப்ரலில் வெளிவந்த கட்டுரை ஒன்று உண்டு: தினமும் பயன்படுத்தும் கழிப்பறையிலேயே கேமராவும் சோதனைத் தாளும் பொருத்தி, சிறுநீரையும் மலத்தையும் நாள்தோறும் அளக்கும் ஏற்பாடு. பயன்படுத்துவது வீட்டில் யார் என்று கருவிக்குத் தெரிய வேண்டுமே. ஆசனவாயின் சுருக்கங்கள் கைரேகை போல ஒவ்வொருவருக்கும் வேறுபடும் என்பதால் அதைப் படமெடுத்து அடையாளம் காணலாம் என்றார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2023இல் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியருக்குக் கிடைத்தது. சிரிப்புக்குப் பின்னால் இருப்பது 2011ஆம் ஆண்டுக் கணக்குதான். ஆண்டுக்கொரு முறை எடுக்கும் ஒரு எண்ணைவிட ஒரே மனிதரிடம் நாள்தோறும் எடுக்கும் எண்களின் போக்கு சிறிய மாற்றத்தையும் காட்டிவிடும் என்பதே அதன் அடிப்படை.

இனி மாமனின் படத்துக்கு வருகிறேன். கணினித் திரையில் மூளை எரிந்தது. மூளைக்கு எப்போதும் சர்க்கரை வேண்டும். சிறுநீர்ப்பை எரிந்தது, சாதாரணக் குளுக்கோஸைச் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்வதைப் போல எஃப்.டி.ஜி.யை எடுத்துக்கொள்வதில்லை. தாடை இருட்டாக இருந்தது. அந்த ஒரு மணி நேரம் மாமன் வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நுரையீரல் முடிச்சு எரிந்தது, மார்பின் நடுவே நெறி எனப்படும் நிணநீர் முடிச்சுகள் இரண்டும் எரிந்தன. வீட்டில் அத்தை அன்றிரவே அழுது முடித்துவிட்டார்.

ஆனால் படத்தில் அவை எரிவதை எப்படிப் படிப்பது? காசநோயில் படையெடுத்து வரும் வெள்ளணுக்களும் சர்க்கரையை அள்ளித்தான் தின்கின்றன. கணக்குக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் உள்ள நூற்றில் 95 பேரிடம் முடிச்சு எரிகிறது, இல்லாத நூற்றில் 20 பேரிடமும் எரிகிறது என்று வையுங்கள். சந்தேகத்தோடு வரும் நூறு பேரில் 60 பேருக்கு உண்மையிலேயே புற்றுநோய் இருக்கும் ஊரில், 57 பேர் சரியாக எரிவார்கள், 8 பேர் தவறாக எரிவார்கள். எரிந்தால் புற்றுநோய் என்று நம்ப இடமுண்டு. நூறு பேரில் 20 பேருக்கே புற்றுநோய், மற்றவர்களில் காசநோய்த் தழும்புக்காரர்கள் நிறைய, அதனால் இல்லாதவர்களில் நூற்றுக்கு 40 பேர் எரிகிறார்கள் என்று ஓர் ஊர் இருந்தால், 19 பேர் சரியாகவும் 32 பேர் தவறாகவும் எரிவார்கள். கருவி அதேதான், மருந்தும் அதேதான், எரியும் புள்ளியின் பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. கம்பீரின் 1996ஆம் ஆண்டு மரம் அமெரிக்க மண்ணில் நட்டது. காசநோய் அங்கே அரிது. அதன் கிளைகளில் பல்லடத்து நூற்பாலைத் தொழிலாளியின் எண்களை எழுதினால் எந்த இடத்தில் ஸ்கேன், எந்த இடத்தில் நேராக ஊசிவழித் திசுச் சோதனை என்ற முடிவுகள் மாறும்; அவற்றை எழுத, நுரையீரலும் தெரிந்த, நிகழ்தகவும் தெரிந்த ஆள் இங்கேயே வேண்டும்.

படத்தைப் பார்த்த மருத்துவர் நடுத்தர வயதுக்காரர். மாமனிடம் அவர் முதலில் கேட்டது, "முன்னாடி எப்பவாச்சும் டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?" என்பதுதான். மில்லில் சேர்ந்த புதிதில், எண்பத்தெட்டிலோ எண்பத்தொன்பதிலோ, நான்கு மாதம் சாப்பிட்டுவிட்டு உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டதாக மாமன் சொன்னார். அந்த விவரம் எங்கள் யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் மூச்சுக்குழல் வழியாகக் குழாய்விட்டு நெறியிலிருந்து திசு எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் புற்றுச் செல் எதுவும் இல்லை. காசநோய்க் கிருமி இருந்தது. இந்த முறை மாத்திரை அட்டையை அத்தை தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நாள் தவறாமல் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்து வருகிறார்.